பெயரைத் தூக்கில் போட்டார்கள், அவரே வந்து முடிசூட்டினார்

கேட்கப்பட்ட கேள்வி இது: "1848 புரட்சியில் ஆஸ்திரியப் பேரரசை எதிர்த்துப் போரிட்டு மரண தண்டனை வாங்கிய ஹங்கேரியர் ஒருவர், இருபது வருடத்தில் அதே பேரரசின் வெளியுறவு அமைச்சர் ஆனது எப்படி? கொள்கையை விற்றுவிட்டாரா? போஸ்னியாவை எடுத்தது அவர் செய்த தப்புதானே?"

டியூலா ஆன்ட்ராஷியைப் பற்றிய கேள்வி. முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'கியுலா ஆண்ட்ராசி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஹங்கேரிய மொழியில் எஸ் எழுத்துக்கு 'ஷ' ஒலி. முதற்பெயர் 'டி'யும் 'யூ'வும் ஒட்டின மாதிரி தொடங்கும். அதனால்தான் நான் இப்படி எழுதுகிறேன். அவருடைய மகனுக்கும் இதே பெயர். அவரும் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். குழம்பிவிட வேண்டாம், மகனிடம் கடைசியில் வருகிறேன்.

என் பதிலைச் சுருக்கமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அவர் அணி மாறியது போலத் தெரியும். ஆனால் 1849இல் ரஷ்யப் படை ஹங்கேரிக்குள் இறங்கி ஒரே கோடையில் எல்லாவற்றையும் முடித்துவைத்ததைப் பார்த்த தலைமுறை அவருடையது. அதற்குப் பிறகு அவர் எடுத்த பெரிய முடிவுகள் எதைத் தோண்டினாலும் அடியில் ரஷ்ய பயம் இருக்கும். வியன்னாவோடு சமாதானமானதற்கும் அதுதான் காரணம், ஜெர்மனியின் பிஸ்மார்க்கோடு கைகோத்ததற்கும் அதுதான் காரணம். போஸ்னியாவை விருப்பமில்லாமல் எடுத்த கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

ஆன்ட்ராஷி 1823இல் பிறந்தார். வடக்கு ஹங்கேரியின் பழைய பிரபுக் குடும்பம். கிராஸ்னஹோர்க்கா கோட்டை, பெட்லேர் மாளிகை, இரும்புச் சுரங்கங்கள், உலைகள் என்று சொத்துக்குக் குறைவில்லை. அந்தப் பகுதி இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. அப்பா காரோய் ஆன்ட்ராஷியே சீர்திருத்தக்காரர். அன்றைய ஹங்கேரியில் சீர்திருத்தம் என்றாலே இஷ்ட்வான் செச்சேனியின் பெயர்தான் முதலில் வரும். டான்யூப் மேல் சங்கிலிப் பாலம், நீராவிக் கப்பல், அறிவியல் கழகம் என்று நாட்டைப் புதுசாக்கப் பாடுபட்ட பிரபு அவர். டிஸா நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தும் வேலையில் இளைஞர் ஆன்ட்ராஷி அவரோடு சேர்ந்தார். 1847இல் செம்ப்ளேன் மாவட்டத்தின் பிரதிநிதியாக பொஜோன் நாடாளுமன்றத்துக்குப் போனார். பொஜோன்தான் இன்றைய பிராட்டிஸ்லாவா. அங்கே, பின்னால் புரட்சிக்குத் தலைமை தாங்கிய லயோஷ் கொஷூத்தின் பேச்சில் மயங்கியவர்களில் இவரும் ஒருவர்.

1848 மார்ச்சில் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. ஹங்கேரிக்குத் தனி அமைச்சரவை கிடைத்தது, பிரதமர் லயோஷ் பாட்டியானி. இருபத்தைந்து வயது ஆன்ட்ராஷி செம்ப்ளேன் மாவட்டத் தலைவர் ஆனார். வருடக் கடைசியில் வியன்னாவோடு போர் வெடித்தபோது தன் மாவட்டத்துத் தேசியக் காவல்படையை நடத்திக்கொண்டு போனார். அக்டோபர் 30 அன்று வியன்னாவுக்குப் பக்கத்தில் ஷ்வெகாட் சண்டையில் ஹங்கேரியர்கள் தோற்றுத் திரும்பினார்கள். அதில் இவரும் இருந்தார். போர்க்களத்தில் தைரியசாலி என்று பெயர் வாங்கினார், ஆனால் தளபதியாகப் பெரிதாக எதையும் சாதித்தவர் இல்லை.

1849இல் கொஷூத் அரசு அவரைத் துருக்கியின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூதராக அனுப்பியது. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தை ஹங்கேரிய அரியணையிலிருந்து நீக்கி, சுதந்திரம் அறிவித்திருந்த நேரம். புது நாட்டை யாராவது அங்கீகரிக்க வேண்டுமே! ஒருவரும் முன்வரவில்லை. கோடையில் ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கலஸ், தன் சக சக்கரவர்த்திக்கு உதவியாக ஏறக்குறைய 2 லட்சம் பேரை அனுப்பினார். ஆகஸ்ட் 13 அன்று விலாகோஷ் அருகே ஹங்கேரியப் படை ஆயுதத்தைக் கீழே வைத்தது. அதுவும் ஆஸ்திரியரிடம் சரணடைய மனமில்லாமல் ரஷ்யத் தளபதியிடம் வைத்தது. தன் நாடு செத்துப்போன செய்தியை ஆன்ட்ராஷி தூதராக உட்கார்ந்திருந்த ஊரில் கேட்டிருப்பார். அதற்குப் பிறகு அவருக்கு இருந்த வேலை, துருக்கிக்குள் ஓடிவந்த ஹங்கேரிய அகதிகளைத் திருப்பி ஒப்படைத்துவிடாதீர்கள் என்று சுல்தானின் அரசிடம் மன்றாடுவது. அது பலித்தது. ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மிரட்டியும் சுல்தான் மசியவில்லை; பிரிட்டன் பக்கபலமாக நின்றதும் ஒரு காரணம்.

உள்நாட்டில் நடந்தது வேறு. 1849 அக்டோபர் 6 அன்று ஆராட் நகரில் 13 தளபதிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே நாளில், பின்னால் புடாவோடு சேர்ந்து புடாபெஸ்ட் ஆன பெஸ்ட் நகரில் முன்னாள் பிரதமர் பாட்டியானியைச் சுட்டுக் கொன்றார்கள். 1851 செப்டம்பரில், கைக்குச் சிக்காதவர்களுக்கும் தண்டனை நிறைவேறியது. கொஷூத் உள்ளிட்ட முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி, தூக்குமரத்தில் அறைந்தார்கள். அவற்றில் ஒன்று ஆன்ட்ராஷியின் பெயர்.

அப்போது அவர் பாரிஸில் இருந்தார். ஒல்லியான உடம்பு, கருத்த சுருள்முடி, நாலு வார்த்தையில் சபையைச் சிரிக்கவைக்கும் நாக்கு. பாரிஸ் சீமாட்டிகள் அவருக்கு 'தூக்கிலிடப்பட்ட அழகன்' என்று பட்டம் வைத்தார்கள். இந்தப் பட்டம் இல்லாமல் எவரும் ஆன்ட்ராஷியைப் பற்றி எழுதுவதில்லை, நானும் விதிவிலக்கில்லை. ஆனால் அந்த வருடங்களில் விருந்துகளைவிட முக்கியமானது அவர் கண்ணால் பார்த்த ஒரு விஷயம். லண்டனிலும் பாரிஸிலும் ஹங்கேரிக்காகக் கண்ணீர் விட ஆள் இருந்தது, கைதட்ட ஆள் இருந்தது, படை அனுப்ப ஒரு நாதி இல்லை. கிரிமியப் போரில் மேற்கு நாடுகள் ரஷ்யாவோடு மோதியபோதுகூட ஹங்கேரி யாருடைய கணக்கிலும் இல்லை. கொஷூத் இதைப் பார்த்த பிறகும் வெளியிலிருந்து விடுதலை வரும் என்று நம்பினார். ஆன்ட்ராஷியால் நம்ப முடியவில்லை. 1856இல் பாரிஸிலேயே காட்டின்கா கெண்டெஃபி என்ற டிரான்சில்வேனியப் பிரபுப் பெண்ணை மணந்தார். பொது மன்னிப்பு கிடைத்ததும் ஊர் திரும்பினார்.

திரும்பியவர் ஃபெரென்ட்ஸ் டெயாக்கின் பக்கம் போய்ச் சேர்ந்தார். டெயாக் பருத்த உடம்புக்காரர். பெஸ்டில் ஒரு விடுதி அறையில் தங்கிக்கொண்டு, பதவியே வேண்டாம் என்று சட்டப் புத்தகத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த வழக்கறிஞர். '1848 சட்டங்கள் செல்லும், அவற்றை அரசர் ஒப்புக்கொள்ளட்டும், மற்றதைப் பேசிக்கொள்ளலாம்' என்பதுதான் அவர் நிலைப்பாடு. அவருக்குச் சட்டம் தெரியும். ஆன்ட்ராஷிக்கு மனிதர்களைத் தெரியும். ஆன்ட்ராஷியைக் கடவுள் நமக்கென்று அனுப்பிய ஆள் என்று டெயாக் சொல்வாராம். 1865இல் கூடிய நாடாளுமன்றத்தில் ஆன்ட்ராஷி துணைத் தலைவர். வியன்னாவோடு உடன்படிக்கை தயாரிக்க அமைந்த 67 பேர் குழுவுக்குள் 15 பேர் கொண்ட துணைக்குழுதான் வரைவை எழுதியது. அதன் தலைவரும் அவரே.

அந்த நேரத்தில்தான் கோனிக்ரேட்ஸ் போர். 1866 ஜூலை 3 அன்று, பிஸ்மார்க்கின் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் படை ஆஸ்திரியாவை ஒரே நாளில் கவிழ்த்துவிட்டது. ஜெர்மானிய உலகத்தின் தலைமை வியன்னாவின் கையைவிட்டுப் போனது. இத்தாலியில் வெனீஸும் போனது. பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்புக்கு இனி ஹங்கேரியை ராணுவத்தால் அடக்கிவைக்கும் தெம்பு இல்லை. டெயாக்கைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தோல்விக்கு முன்னால் கேட்டதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று டெயாக் சொன்னதாக ஒரு பிரபலமான செய்தி உண்டு. ஹங்கேரிய அரசியலின் மிகப் புத்திசாலித்தனமான வாக்கியம் அது என்பது என் எண்ணம். விழுந்தவன் மேல் ஏறி மிதித்திருந்தால், அவன் எழுந்த அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டிருப்பான். பிரதமர் யார் என்ற கேள்விக்கு டெயாக் ஆன்ட்ராஷியைக் காட்டினார்.

இந்த இடத்தில் சீஸியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். பேரரசி எலிசபெத், வீட்டுப் பெயர் சீஸி. ஹங்கேரிய மொழி கற்றவர், ஆன்ட்ராஷியின் நெருங்கிய தோழி. 1866 கோடையில் புடாவிலிருந்து கணவருக்கு, ஆன்ட்ராஷியை வெளியுறவு அமைச்சர் ஆக்குங்கள் என்று கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஃபிரான்ஸ் ஜோசப் கேட்கவில்லை, சாக்சனியிலிருந்து பாய்ஸ்ட் என்பவரைக் கொண்டுவந்தார். 1868இல் புடாவில் பிறந்த கடைசி மகளுக்கு அப்பா ஆன்ட்ராஷிதான் என்று வியன்னா அரண்மனையில் கிசுகிசு ஓடியது. அந்தப் பெண் வளர்ந்தபோது அப்படியே ஃபிரான்ஸ் ஜோசப்பின் முகஜாடை. கதை அத்தோடு முடிந்தது. சமரசம் காதலால் வந்தது என்று படம் எடுப்பவர்கள் சொல்லலாம், வந்தது கோனிக்ரேட்ஸால்.

1867 பிப்ரவரி 17 அன்று ஆன்ட்ராஷி பிரதமர். ஜூன் 8 அன்று புடாவின் மத்தியாஸ் தேவாலயத்தில் முடிசூட்டு விழா. பழைய முறைப்படி, ஹங்கேரிய கிரீடத்தைத் தலைமைப் பேராயரும், 'பாலட்டின்' என்ற அரசப் பிரதிநிதியும் சேர்ந்து அரசர் தலையில் வைக்க வேண்டும். அந்தப் பதவி அப்போது காலி. பாலட்டினுக்குப் பதிலாக நிற்கச் சொன்னபோது டெயாக் மறுத்துவிட்டார். ஆகவே பேராயர் யானோஷ் ஷிமோரும் பிரதமர் ஆன்ட்ராஷியும் கிரீடத்தை எடுத்து ஃபிரான்ஸ் ஜோசப்பின் தலையில் வைத்தார்கள். தூக்குமரத்தில் பெயர் அறையப்பட்டு பதினாறு வருடம் ஆகவில்லை. முடிசூட்டுக்காக நாடு கொடுத்த அன்பளிப்புப் பணத்தை அரசத் தம்பதி 1848–49 போரில் ஊனமுற்ற ஹங்கேரிய வீரர்களுக்கும், இறந்தவர்களின் விதவைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். அதாவது, தங்களை எதிர்த்துச் சண்டை போட்டவர்களின் குடும்பங்களுக்கு.

வியன்னாவோடு 1867இல் செய்துகொண்ட அந்தச் சமரசம் எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் அதில் தொங்குகிறது. ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் இரண்டு நாடுகள். தனித்தனி நாடாளுமன்றம், தனித்தனிப் பிரதமர். அரசர் ஒருவர். வெளியுறவு, போர், இந்த இரண்டுக்கும் வேண்டிய நிதி ஆகியவற்றுக்கு மட்டும் பொது அமைச்சர்கள். இந்த மூவரையும் கேள்வி கேட்க, ஒவ்வொரு நாடாளுமன்றமும் 60 பேர் கொண்ட குழுவை அனுப்பும். இரண்டு குழுவும் ஒரு வருடம் வியன்னாவில், மறு வருடம் பெஸ்டில் கூடும். ஆனால் சேர்ந்து உட்கார்ந்து விவாதிக்காது. ஒன்றுக்கொன்று கடிதம் எழுதும். மூன்று தடவை எழுதியும் ஒத்துவரவில்லை என்றால், அப்போது மட்டும் சேர்ந்து உட்கார்ந்து, பேசாமல் வாக்குப் போடும். பொதுச் செலவில் ஆஸ்திரியா நூற்றுக்கு 70, ஹங்கேரி 30. இந்தப் பங்கைப் பத்து வருடத்துக்கு ஒரு தடவை பேசிப் புதுப்பிக்க வேண்டும். சண்டைக்காரச் சகோதரர்கள் ஒரே வீட்டில் குடியிருக்கப் போட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரி இருக்கிறதல்லவா? ஆனாலும் அது 51 வருடம் ஓடியது.

கொஷூத் வெளிநாட்டில் இருந்தபடி டெயாக்குக்கு 1867 மே மாதம் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். செத்துக்கொண்டிருக்கும் ஒரு பேரரசோடு ஹங்கேரியைக் கட்டிவைக்கிறீர்கள், அது எரியும்போது நாமும் சேர்ந்து எரிவோம் என்பது சாரம். 1918இல் பேரரசு உடைந்தது தெரிந்த நமக்கு அந்தக் கடிதம் தீர்க்கதரிசனம் போலத் தெரிகிறது. ஆனால் ஆன்ட்ராஷியின் கணக்கை அவர் இடத்தில் நின்று போட்டுப் பாருங்கள். தனி ஹங்கேரியால் ரஷ்யாவைத் தாங்க முடியாது, அதை 1849 காட்டிவிட்டது. பெரிய வல்லரசின் உடம்பு வேண்டும், அதன் கழுத்து ஹங்கேரியின் கையில் இருக்க வேண்டும். சமரசம் அதைத்தான் கொடுத்தது.

பிரதமராக நாலே முக்கால் வருடம். யூதர்களுக்குச் சம உரிமைச் சட்டம் 1867இலேயே வந்தது. குரோஷியாவோடு தனி உடன்படிக்கை, தொடக்கக் கல்விச் சட்டம், தேசிய இனங்கள் சட்டம் மூன்றும் 1868இல். ராணுவ விஷயத்தில் வியன்னாத் தளபதிகள் ஒரே படைதான் என்று பிடிவாதமாக இருந்தபோது, 'ஹொன்வேட்' என்ற பெயரில் ஹங்கேரிய மொழியில் கட்டளையிடும் தனிப்படையை வாதாடி வாங்கினார். புரட்சிப் படையின் அதே பெயர்! ஜெனரல்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்கள், ஆனால் அந்தப் படைக்குப் பீரங்கி தரவில்லை. நம்பிக்கை அவ்வளவுதான்.

அவருடைய பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. ஹங்கேரிய அரசுக்குள் ஹங்கேரிய மொழி பேசியவர்கள் பாதிக்கும் குறைவு. ருமேனியர், ஸ்லோவாக்கியர், செர்பியர், ஜெர்மானியர், ருத்தேனியர் எல்லாம் சேர்ந்தால் அதிகம். 1868 சட்டம் தாய்மொழி உரிமைகளைக் காகிதத்தில் தாராளமாகவே கொடுத்தது. ஆனால் நாட்டில் அரசியல் தேசம் ஒன்றுதான், அது ஹங்கேரிய தேசம் என்று முகப்பிலேயே எழுதிவிட்டது. பின்னால் வந்த அரசுகள் கொடுத்த உரிமைகளையும் அமல்படுத்தவில்லை. வாக்குரிமையோ மக்கள்தொகையில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான். ஆன்ட்ராஷி தனிப்பட்ட முறையில் வெறியர் கிடையாது. ஆனால் பிரபுக்களின் ஹங்கேரி தவிர வேறொரு ஹங்கேரியை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை.

1870இல் பிரான்ஸும் பிரஷ்யாவும் மோதின. கோனிக்ரேட்ஸுக்குப் பழிவாங்க இதுதான் சமயம் என்று வியன்னாவில் ஒரு கூட்டம் துடித்தது. ஜூலை 18 அன்று நடந்த அரச ஆலோசனைச் சபையில் ஆன்ட்ராஷி நடுநிலைக்கு வாதாடினார். ஆஸ்திரியா ஜெயித்து மறுபடி ஜெர்மனிக்குள் நுழைந்தால் ஹங்கேரியை யார் மதிப்பார்கள்? 67இன் சமரசம் அடுத்த நாளே குப்பைக்குப் போகும். தவிர, கிழக்கே ரஷ்யா பார்த்துக்கொண்டிருந்தது. முடிவு நடுநிலை. சில வாரங்களில் பிரான்ஸ் சேடானில் நொறுங்கியபோது அவர் சொன்னது சரி என்று எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்த வருடம் ஹோகன்வார்ட் என்ற ஆஸ்திரியப் பிரதமர், செக் மக்களுக்கும் ஹங்கேரி போல ஒரு தனி அந்தஸ்து கொடுக்கத் திட்டம் போட்டார். ஆன்ட்ராஷி முழு மூச்சாக எதிர்த்தார், திட்டம் கவிழ்ந்தது. இரண்டு பேர் பங்கு போட்ட வீட்டில் மூன்றாவது ஆளுக்கு இடம் கொடுக்க மனமில்லை. கூடவே பாய்ஸ்டும் பதவி இழந்தார். 1871 நவம்பர் 14 அன்று ஆன்ட்ராஷி இரட்டை முடியரசின் வெளியுறவு அமைச்சர் ஆனார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் ஹங்கேரியர்.

அவர் நினைத்தது பிரிட்டனோடும் ஜெர்மனியோடும் சேர்ந்து ரஷ்யாவைத் தடுப்பது. பிரிட்டன் அசையவில்லை. பிஸ்மார்க்கோ ரஷ்யாவை விட மனமில்லாதவர். கடைசியில், யாரைத் தடுக்க நினைத்தாரோ அவரோடு ஒரே மேசையில் உட்கார வேண்டியதாயிற்று. 1873இல் மூன்று பேரரசர்களின் கூட்டு உருவானது. துருக்கி ஆண்டுகொண்டிருந்த பால்கன் பகுதியில் எதையும் மாற்றாமல் இருப்பதே அதன் அர்த்தம் என்று ஆன்ட்ராஷி எடுத்துக்கொண்டார். துருக்கி அங்கே பலவீனமாக உட்கார்ந்திருப்பதுதான் ஹங்கேரிக்கு நல்லது. துருக்கி போனால் ஸ்லாவ் நாடுகள் வரும். ஸ்லாவ் நாடுகள் வந்தால் பின்னாலேயே ரஷ்யா வரும். ஹங்கேரியப் படகு ஏற்கெனவே நிறைந்துவிட்டது, இனிப் பொன்னை ஏற்றினாலும் சேற்றை ஏற்றினாலும் மூழ்கிவிடும் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. போஸ்னியா கதையைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1875 கோடையில் ஹெர்ஸகோவினா விவசாயிகள் துருக்கிய ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். தீ போஸ்னியாவுக்குப் பரவியது. வருடக் கடைசியில், டிசம்பர் 30 அன்று, வரி வசூல் முறையையும் மத சுதந்திரத்தையும் நிலப் பிரச்சினையையும் சீர்செய்யும்படி சுல்தானைக் கேட்கும் ஒரு குறிப்பை ஆன்ட்ராஷி எழுதி வல்லரசுகளின் ஒப்புதலுக்கு அனுப்பினார். வரலாற்றில் அதற்கே 'ஆன்ட்ராஷி குறிப்பு' என்று பெயர். சுல்தான் பெரும்பாலானவற்றை ஏற்றார், கிளர்ச்சிக்காரர்கள் ஏற்கவில்லை. 1876இல் செர்பியாவும் மாண்டினீக்ரோவும் போரில் குதித்தன.

அந்த ஜூலையில் பொஹீமியாவின் ரைக்ஸ்டாட் கோட்டையில் ஆஸ்திரிய, ரஷ்யப் பேரரசர்கள் இருவரும் தங்கள் அமைச்சர்களோடு சந்தித்துப் பால்கனைப் பங்கு போடப் பேசினார்கள். ராஜதந்திர வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கூத்து அது. பேசி முடித்து யாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடவில்லை. ஆன்ட்ராஷி தனக்குப் புரிந்ததைத் தனியாக எழுதிவைத்தார், ரஷ்யாவின் கோர்ச்சக்கோவ் தன் பக்கம் தனியாக எழுதிவைத்தார். ஆஸ்திரியக் குறிப்பில் போஸ்னியா, ஹெர்ஸகோவினாவின் பெரும்பகுதி நமக்கு. ரஷ்யக் குறிப்பில் ஆஸ்திரியாவுக்குப் போஸ்னியாவின் ஒரு பகுதி மட்டும். பின்னால் இதை வைத்தே சண்டை வந்தது. 1877 ஜனவரியில் புடாபெஸ்டில் ரகசிய ஒப்பந்தம் போட்டுத்தான் சரிசெய்தார்கள்: ரஷ்யா துருக்கியோடு போரிட்டால் ஆஸ்திரியா நடுநிலை, பதிலுக்குப் போஸ்னியா, பால்கனில் பெரிய ஸ்லாவ் நாடு எதுவும் கூடாது.

படகு நிறைந்துவிட்டது என்றவர் ஏன் போஸ்னியா கேட்டார்? வியன்னாத் தளபதிகளுக்கு அது ரொம்ப நாள் ஆசை. டால்மேஷியக் கடற்கரை அவர்கள் கையில் ஒரு மெல்லிய துண்டாகத்தான் இருந்தது. பின்னால் நிலம் இல்லாமல் அதைக் காப்பது கஷ்டம். பேரரசருக்கும், இழந்த மாகாணங்களுக்கு ஈடாக ஒன்று கிடைக்குமே என்ற எண்ணம். ஆன்ட்ராஷிக்கு இந்த இரண்டு ஆசையும் இல்லை. ஆனால் துருக்கியால் தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்த பிறகு அவர் முன்னால் இருந்த கேள்வி: நாம் எடுக்காவிட்டால் யார் எடுப்பார்? செர்பியா. அது நடந்தால் தெற்கு எல்லையில் ரஷ்யாவின் செல்லப்பிள்ளை ஒருவன் கொழுத்து வளர்வான். அதைத் தடுக்கத்தான் எடுத்தார்.

1878 மார்ச்சில் ரஷ்யா, தோற்ற துருக்கியோடு சான் ஸ்டெஃபானோ உடன்பாட்டைப் போட்டது. ஏஜியன் கடல் வரை நீளும் மாபெரும் பல்கேரியா! கொடுத்த வாக்கு காற்றில் போயிற்று. ஆன்ட்ராஷி உடனே வல்லரசுகள் மாநாடு வேண்டும் என்றார், பிரிட்டனும் சேர்ந்துகொண்டது. ஜூன் 13 முதல் ஜூலை 13 வரை பெர்லின் மாநாடு. அன்டன் ஃபான் வெர்னர் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் பிஸ்மார்க் நடுவில் நின்று ரஷ்யாவின் ஷுவாலோவுக்குக் கை கொடுக்கிறார். பிஸ்மார்க்கின் மறுபக்கம் நிற்பவர்தான் நம்மாள். ஜூன் 28 அன்று, பிரிட்டனின் சாலிஸ்பரி முன்மொழிய, போஸ்னியா-ஹெர்ஸகோவினாவை ஆஸ்திரியா-ஹங்கேரி 'ஆக்கிரமித்து நிர்வகிக்கலாம்' என்று முடிவானது. முப்பத்தாறு வருடம் கழித்து அதே ஜூன் 28 அன்றுதான், முதல் உலகப் போருக்கு வழிவிட்ட துப்பாக்கி போஸ்னியாவின் சரயேவோவில் வெடித்தது. தற்செயல்தான், ஆனால் படிக்கும்போது முதுகு சில்லிடும்.

சொல்லைக் கவனியுங்கள்: இணைக்கவில்லை, ஆக்கிரமித்து நிர்வகிப்பு. மண் சுல்தானுடையதே. கடைசி நாளில், சுல்தானின் உரிமை தொடர்கிறது, ஆக்கிரமிப்பு தற்காலிகமானது என்று துருக்கியத் தூதர்களுக்கு ஆன்ட்ராஷி ரகசியமாக எழுதியும் கொடுத்தார். ஃபிரான்ஸ் ஜோசப்புக்கு அது பிடிக்கவில்லை. என் கணிப்பில், இந்த அரைகுறை ஏற்பாட்டை அவர் தெரிந்தேதான் வைத்திருக்கிறார். முழுசாக இணைத்தால் ஆஸ்திரியாவோடு சேர்ப்பதா, ஹங்கேரியோடு சேர்ப்பதா என்ற கேள்வி வரும். எதோடு சேர்த்தாலும் ஸ்லாவ் எண்ணிக்கை கூடி, 67இன் தராசு சாயும். பிற்பாடு அந்த மாகாணம் பொது நிதியமைச்சரின் கீழ் இரண்டு பேருக்கும் சேராமல் நின்றது. ஆன்ட்ராஷியின் காலத்தில் பெல்கிரேடில் தூதரக அதிகாரியாக இருந்த பேனி கால்லாய்தான் 1882 முதல் 1903 வரை பொது நிதியமைச்சராக அதை ஆண்டார்.

ஒரு குதிரைப்படைக் குழுவும் பேண்டு வாத்தியமும் போதும், போஸ்னியாவுக்குள் நடந்து போய்விடலாம் என்று ஆன்ட்ராஷி சொன்னதாகக் கதை. சொன்னாரோ இல்லையோ, அப்படித்தான் நம்பினார். ஜூலை 29 அன்று சுமார் 80,000 பேர் எல்லை தாண்டினார்கள். உள்ளூர் முஸ்லிம்கள் ஆயுதமெடுத்தார்கள். சரயேவோவில் ஆகஸ்ட் 19 அன்று வீட்டுக்கு வீடு சண்டை. அக்டோபர் வரை நீடித்து, முடிவதற்குள் படை இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. செத்தவரும் காயம்பட்டவருமாக ஏறக்குறைய 5,000 பேர். நாடாளுமன்றக் குழுக்களிடம் அவர் வாங்கியிருந்த 6 கோடி கில்டன் பணம் எந்த மூலைக்கு? ஹங்கேரிய நிதியமைச்சர் கால்மான் செல் ராஜினாமா செய்தார். ஆஸ்திரிய நாடாளுமன்றத்தில் பெர்லின் உடன்படிக்கைக்கு எதிராக 112 பேர் வாக்களித்தார்கள். பெஸ்டில் தெருக்கூட்டங்கள் அவரைத் திட்டின.

போகும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. 1879 இலையுதிர்காலத்தில் பிஸ்மார்க், ரஷ்யாவோடு மனக்கசப்பாகி, கூட்டணி பேச வியன்னாவுக்கு வந்தார். அவருக்கு யார் தாக்கினாலும் உதவும் கூட்டணி வேண்டும், அதாவது பிரான்சுக்கு எதிராகவும். ஆன்ட்ராஷி மறுத்துவிட்டார்: ரஷ்யாவுக்கு எதிராக மட்டும். பிஸ்மார்க் எழுந்து நின்று, பெரிய உடம்பால் அவர் மேல் கவிந்து, "என் யோசனையை ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால்..." என்று உறுமினாராம். ஆன்ட்ராஷி அசையாமல் இருக்கவும், "...இல்லாவிட்டால் உங்களுடையதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்" என்று முடித்தாராம். கொஞ்சம் ஜோடித்த கதையாக இருக்கலாம். ஆனால் அக்டோபர் 7 அன்று ஜெர்மன் தூதர் ராய்ஸும் ஆன்ட்ராஷியும் கையெழுத்திட்ட பத்திரத்தில் இருந்தது ஆன்ட்ராஷியின் யோசனைதான். ரஷ்யா தாக்கினால் முழுப்படையோடு உதவி. வேறு யாராவது தாக்கினால் நட்பான நடுநிலை. முப்பது வருடமாக மனதில் இருந்த பயத்துக்கு ஐரோப்பாவின் மிக வலிமையான ராணுவத்தை ஜாமீனாக வாங்கிவிட்டார். மறுநாள் அவருடைய ராஜினாமா ஏற்கப்பட்டது. உடல்நலம், அலுப்பு, போஸ்னியாவால் வந்த கெட்ட பெயர், எல்லாமும் காரணம்.

சரி, தப்புதானா என்ற கேள்விக்கு வருகிறேன். 1914 போருக்கு அவரைப் பொறுப்பாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. போஸ்னியாவை 1908இல் இணைத்துச் செர்பியாவையும் ரஷ்யாவையும் ஒருசேர அவமானப்படுத்தியது ஏரந்தால் என்ற பின்னாள் அமைச்சர். தற்காப்புக்காக எழுதிய கூட்டணியைத் தாக்குவதற்கான தைரியமாக மாற்றியதும் பின்னால் வந்தவர்களே. ஆனால் ஒரு தப்பு நிச்சயம் அவருடையது. ரஷ்யாவின் நிழலாக மட்டுமே ஸ்லாவ் மக்களைப் பார்த்தார். செக் மக்களுக்கு இடம் கொடுக்காததும், செர்பியா வளரக் கூடாது என்றதும் அந்த ஒரே கண்ணாடி வழியாக எடுத்த முடிவுகள். அந்த மக்களுக்கும், அவருக்கு 1848இல் இருந்தது போன்ற ஒரு கனவு இருக்கலாம் என்பது அந்தக் கண்ணாடியில் தெரியவில்லை. கொள்கையை விற்றார் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

பதவிக்குப் பிறகு மேலவையில் அவ்வப்போது பேசினார். 1890 பிப்ரவரி 18 அன்று ஏட்ரியாட்டிக் கரையில் வோலோஸ்கோ என்ற ஊரில் இறந்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பே, அவர் பிரதமராக இருந்தபோது திட்டமிட்ட பெஸ்டின் பெரிய சாலைக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 1896இல் அதன் அடியில்தான் ஐரோப்பியக் கண்டத்தின் முதல் சுரங்க ரயில் ஓடியது. கம்யூனிஸ்ட் காலத்தில் அது ஸ்டாலின் சாலை, அப்புறம் மக்கள் குடியரசுச் சாலை. 1990இல் மறுபடி ஆன்ட்ராஷி சாலை.

மகனிடம் வருகிறேன் என்றேனே. 1918 அக்டோபர் 24 அன்று, போர் தோற்றுப் பேரரசு உதிர்ந்துகொண்டிருந்தபோது, இளைய டியூலா ஆன்ட்ராஷி வெளியுறவு அமைச்சர் ஆனார். சில நாட்களில் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார்: ஜெர்மனிக்காகக் காத்திருக்காமல் தனியாகச் சமாதானம் பேசத் தயார். அப்பா 1879இல் கையெழுத்திட்ட கூட்டணி அதோடு முடிந்தது. அதே வாரத்தில் புடாபெஸ்டில் ஆட்சியைப் பிடித்த புரட்சியின் தலைவர் மிஹாய் கரோயி, மூத்த ஆன்ட்ராஷியின் பேத்தி காட்டின்காவின் கணவர்.